நள்ளிரவு தாண்டினால் லாக் கண்காணிப்பு மின்னஞ்சல் நின்றுவிடுகிறது (உபுண்டு 22.04, இன்ஜின்எக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ்)

வைகைக்கரை | திங்கள், காலை 8:12

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக இதிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன், வழி சொல்லுங்கள்.

ஒரு சிறிய ஆர்டர் எடுக்கும் தளத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். வெப் சர்வரான இன்ஜின்எக்ஸின் எரர் லாக்கையும் (பிழைப் பதிவு), அஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸின் மெயில் லாக்கையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 'அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட்' (பின்னால் உள்ள சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை) என்ற வரி வந்தாலோ, அஞ்சல் 'டெஃபர்டு' (போகாமல் தள்ளிவைப்பு) ஆனாலோ எனக்கு மின்னஞ்சல் வர வேண்டும். இதற்கென்றே 'நோட்டம்' என்று ஒரு யூசர் உருவாக்கி, அவன் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) போட்டேன். முதலில் பெர்மிஷன் இல்லை என்று வந்தது. இரண்டு லாக்குக்கும் 644 (எல்லோரும் படிக்கலாம்) கொடுத்தேன், வேலை செய்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் மின்னஞ்சல் இல்லை. மறுபடி 644 கொடுத்தால் அன்று முழுக்க ஓடுகிறது. நள்ளிரவு தாண்டியதும் செத்துப் போகிறது. இதில் எனக்குப் புரியாதது, மெயில் லாக் மட்டும் நான் கொடுத்த 644-லேயே இருக்கிறது. இன்ஜின்எக்ஸ் லாக்தான் தினமும் பழையபடி ஆகிவிடுகிறது.

போன வாரம் ஒரு ராத்திரி டேட்டாபேஸ் ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. காலையில் வாடிக்கையாளர் போன் செய்துதான் எனக்கே தெரியும். அந்த அழைப்பை மறக்க முடியவில்லை. இனி அப்படி நடக்கக் கூடாது.

வேகத்தடை | திங்கள், காலை 8:40

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? லாக் கோப்புறைக்கு 777 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டை ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) கிரானில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய_டெபியன் | திங்கள், காலை 9:25

வேகத்தடை சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உதவ நினைத்துத்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் லாக் கோப்புக்கு 640 (உரிமையாளர் எழுதலாம், குரூப் படிக்கலாம், மற்றவருக்கு எதுவும் இல்லை) என்று வைத்திருப்பது சும்மா இல்லை. மெயில் லாக்கில் யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பது இருக்கிறது. இன்ஜின்எக்ஸ் லாக்கில் வாடிக்கையாளரின் ஐபி இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பின் டோக்கன்கூடச் சில சமயம் முகவரி வரியில் அப்படியே விழுந்து கிடக்கும். 644 என்றால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம்.

கோப்புறைக்கு 777 அதைவிட மோசம். 2016-ல் டெபியனின் இன்ஜின்எக்ஸ் பொதியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. லாக் கோப்புறை வெப் சர்வர் யூசருக்குச் சொந்தமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த யூசரின் கணக்கு யார் கையிலாவது சிக்கினால், லாக் கோப்பு இருந்த இடத்தில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி) வைத்து, ரூட் அதைத் திறக்கும் வரை காத்திருந்து, ரூட் ஆகிவிடலாம். அதற்குப் பிறகு அந்தக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமானது. அந்தப் பூட்டை நாமே உடைக்க வேண்டாம்.

தம்பி, மூன்று விஷயம் இங்கே போடுங்கள். நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் அந்தக் கோப்பின் உரிமையாளர், குரூப், பெர்மிஷன். 'நோட்டம்' யூசருக்கு 'ஐடி' கட்டளை என்ன காட்டுகிறது. லாக்ரொட்டேட் அமைப்பில் இன்ஜின்எக்ஸ் கோப்பில் 'கிரியேட்' என்று தொடங்கும் வரி.

வைகைக்கரை | திங்கள், பகல் 1:05

நன்றி அண்ணா. நேற்று ராத்திரி 11 மணிக்கு 644 இருந்தது. இன்று காலை 640, உரிமையாளர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, குரூப் அட்ம். 'நோட்டம்' தன் பெயரில் உள்ள குரூப்பில் மட்டும் இருக்கிறான். லாக்ரொட்டேட்டில் 'டெய்லி' என்றும் 'கிரியேட் 0640 டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா அட்ம்' என்றும் இருக்கிறது.

பழைய_டெபியன் | திங்கள், பகல் 2:30

விடை அந்த வரியிலேயே இருக்கிறது. தினமும் நள்ளிரவை ஒட்டி லாக்ரொட்டேட் பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. நீங்கள் 644 கொடுத்தது பழைய கோப்புக்கு. புதுக் கோப்பு 'கிரியேட்' வரி சொன்னபடி 640 ஆகத்தான் பிறக்கும்.

மெயில் லாக் ஏன் மாறவில்லை என்று கேட்டீர்கள். முதலில், அது உபுண்டு 22.04-ல் வாரம் ஒருமுறைதான் சுழலும். அப்படிச் சுழலும்போதும் அதன் விதியில் தனியாக 'கிரியேட்' இல்லை. பொதுக் கோப்பில் எண் எதுவும் இல்லாமல் 'கிரியேட்' என்று மட்டும் இருக்கிறது. எண் இல்லாவிட்டால் பழைய கோப்பின் பெர்மிஷனையே புதியதற்கும் கொடுக்கும். அதாவது நீங்கள் போட்ட 644 வாராவாரம் வாரிசுபோல் தொடரும். அதை இன்றே 640-க்குத் திருப்பிவிடுங்கள்.

அந்தக் கோப்புகளைப் படிக்க ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் அட்ம் குரூப் இருப்பதே லாக் படிப்பவர்களுக்காகத்தான். 'யூசர்மோட்' கட்டளையில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 'நோட்டம்' யூசரை அதில் சேர்த்துவிடுங்கள்.

அந்தச் சிறிய ஏ முக்கியம். அதை விட்டுவிட்டுப் பெரிய ஜி மட்டும் கொடுத்தால், யூசர் இருக்கும் மற்ற கூடுதல் குரூப்கள் எல்லாம் போய்விடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் என் கணக்கிலேயே இப்படிச் செய்து சூடோ குரூப்பை இழந்தேன். டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது.

சேர்த்த பிறகு ரூட்டாக இருந்து சோதிக்காதீர்கள். ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கும், எதுவும் தெரியாது. 'சூடோ மைனஸ் யூ நோட்டம்' என்று போட்டு, அந்தக் கோப்பின் முதல் வரியை மட்டும் 'ஹெட்' கொண்டு எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் 'நேம்ஐ மைனஸ் எல்' கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். ரூட் கோப்புறையிலிருந்து கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் பெர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். கோப்பு சரியாக இருந்தும், நடுவில் ஒரு கோப்புறைக்கு எக்ஸ் பிட் இல்லாமல் வழி அடைபட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கிரான் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் குரூப்பைப் புதிதாகப் படிக்கும், அதனால் கவலை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் எதுவானாலும் மறுபடி தொடங்கினால்தான் புதுக் குரூப் அதற்குத் தெரியும்.

கயல்_சர்வர் | திங்கள், மாலை 6:48

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். அட்ம் குரூப்பில் சேர்த்தால் 'நோட்டம்' லாகின் முயற்சிகள் பதியும் ஆத் லாக், சிஸ்லாக் எல்லாவற்றையும் படிப்பான். அது வேண்டாம், இன்ஜின்எக்ஸ் மட்டும் போதும் என்றால் ஏசிஎல் (குறிப்பிட்ட யூசருக்குத் தனியாக உரிமை தரும் பட்டியல்) இருக்கிறது. 'செட்ஃபேக்கல்' கொண்டு அந்தக் கோப்புறைக்கு டிஃபால்ட் ஏசிஎல் வைத்தால், உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்பும் அந்த உரிமையோடு பிறக்கும். கோப்புக்கு மட்டும் வைத்தால் உங்கள் 644 போலவே அதுவும் நள்ளிரவில் போய்விடும்.

இதில் ஒரு பொறி உண்டு, நான் ஒரு வாரம் அதில் மாட்டிக்கொண்டேன். ஏசிஎல் உள்ள கோப்பில் குரூப்புக்கான நடு எண்தான் மாஸ்க், அதாவது கொடுத்த உரிமைக்கு உச்ச வரம்பு. புதுக் கோப்பு 640 என்றால் மாஸ்க் 'படிக்கலாம்', நீங்கள் கொடுத்த உரிமை செல்லும். 600 என்றால் மாஸ்க் பூஜ்யம். உரிமை பட்டியலில் இருக்கும், ஆனால் செல்லாது. 'கெட்ஃபேக்கல்' போட்டால் அந்த வரியின் ஓரத்தில் 'எஃபெக்டிவ்' என்று எழுதி மூன்று கோடு காட்டும். ரெட் ஹாட் வகையில் மெயில் லாக் 600 ஆகவே பிறப்பதால் அங்கே இது கட்டாயம் கடிக்கும். அங்கே எஸ்ஈலினக்ஸ் (லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் இன்னொரு காவல்) வேறு இருக்கிறது. பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் 'எல்எஸ் மைனஸ் பெரிய இசட்' போட்டு லேபிளைப் பாருங்கள். வீட்டுக் கோப்புறையிலிருந்து 'எம்வி' செய்து கொண்டுவந்த கோப்பு பழைய லேபிளோடுதான் வரும். 'ரீஸ்டோர்கான்' அதைத் திருத்திவிடும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை | புதன், காலை 7:30

இரண்டு நள்ளிரவு தாண்டிவிட்டது, லாக் படிப்பது நிற்கவில்லை! மெயில் லாக்கும் தேவை என்பதால் அட்ம் குரூப்பிலேயே சேர்த்தேன். அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

ஆனால் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது என்பதால் கிரானை விட்டுவிட்டு சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்துவது) சர்வீஸ், டைமர் என்று மாற்றினேன். வேறொரு வேலைக்கு வைத்திருந்த யூனிட் கோப்பை (சர்வீஸ் எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்பு) எடுத்துத் திருத்திக்கொண்டேன். இப்போது லாக்கைப் படிக்கிறது, பிழையையும் கண்டுபிடிக்கிறது, மின்னஞ்சல் மட்டும் போகவில்லை. மெயில் லாக்கில் 'போஸ்ட்டிராப்' என்று தொடங்கி, மெயில்டிராப்பில் (அனுப்பும் கடிதம் முதலில் விழும் கோப்புறை) கோப்பு உருவாக்க முடியவில்லை, 'பெர்மிஷன் டினைடு' என்று அதே வரி திரும்பத் திரும்ப விழுகிறது.

'நோட்டம்' யூசராக மாறி அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் மின்னஞ்சல் போகிறது. சர்வீஸாக ஓடினால் மட்டும் போகவில்லை. மெயில்டிராப் கோப்புறை 1730, உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், குரூப் போஸ்ட்டிராப். அதற்கு 777 கொடுக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

பழைய_டெபியன் | புதன், காலை 8:15

நிறுத்தியதற்கு நன்றி தம்பி. 1730 என்பதுதான் அதன் சரியான எண். நீங்களோ 'நோட்டம்' யூசரோ அந்தக் கோப்புறைக்குள் நேரடியாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. 'சென்ட்மெயில்' கட்டளை உள்ளுக்குள் 'போஸ்ட்டிராப்' என்ற சிறிய நிரலைக் கூப்பிடும். அதற்கு செட்ஜிஐடி பிட் உண்டு. யார் ஓட்டினாலும் அது போஸ்ட்டிராப் குரூப்பாக மாறி, கடிதத்தை உள்ளே போட்டுவிட்டு வந்துவிடும். தபால் பெட்டியின் வாய் போல. கடிதத்தைப் போடலாம், உள்ளே கைவிட்டு மற்றவர் கடிதத்தை எடுக்க முடியாது.

யாராவது அந்தப் பக்கம் 'சிஎச்ஓன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை) ஓட்டிக் குழப்பியிருந்தால் 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' சொல்லிவிடும், 'போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பெர்மிஷன்ஸ்' பழையபடி ஆக்கிவிடும். ஆனால் கையால் ஓட்டினால் போகிறது என்கிறீர்களே. அப்படியென்றால் கோப்புகள் சரி. மாறியிருப்பது ஓடும் சூழல். யூனிட் கோப்பைப் போடுங்கள்.

வைகைக்கரை | புதன், காலை 8:31

முக்கியமான வரிகள்: யூசர் நோட்டம். நோநியூபிரிவிலேஜஸ் எஸ். புரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட். பிரைவேட்டெம்ப் எஸ்.

கயல்_சர்வர் | புதன், காலை 8:50

இரண்டாவது வரி. நோநியூபிரிவிலேஜஸ் என்றால், இந்தச் சர்வீஸும் அதன் பிள்ளைகளும் தொடங்கியபோது இருந்த உரிமைக்கு மேல் எதுவும் பெற முடியாது. லினக்ஸ் கெர்னலில் 3.5 பதிப்பிலிருந்து, அதாவது 2012-லிருந்து இது இருக்கிறது. அது இருந்தால் செட்யூஐடி, செட்ஜிஐடி பிட்களைக் கெர்னல் கண்டுகொள்ளாது. போஸ்ட்டிராப் ஓடும், ஆனால் குரூப் மாறாமல் வெறும் 'நோட்டம்' ஆகவே ஓடும். மெயில்டிராப் கதவு மூடும். எல்எஸ் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், அதனால்தான் இது ஆளை இப்படி அலைக்கழிக்கிறது.

வைகைக்கரை | புதன், காலை 9:20

அந்த வரியை எடுத்துப் பார்த்தேன் அக்கா. 'பெர்மிஷன் டினைடு' போய்விட்டது. இப்போது 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது!

கயல்_சர்வர் | புதன், காலை 9:34

நல்ல அறிகுறி. முதல் கதவு திறந்துவிட்டது, இது இரண்டாவது கதவு. புரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட் என்றால் கிட்டத்தட்ட முழு வட்டும் அந்தச் சர்வீஸுக்குப் படிக்க மட்டும்தான். இரண்டு செய்திக்கும் உள்ள வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் யார் என்பதில் சிக்கல். இரண்டாவது என்றால் மவுண்ட்டில் சிக்கல், அங்கே எந்தச் சிஎச்மோடும் (பெர்மிஷன் மாற்றும் கட்டளை) உதவாது. ரீட்ரைட்பாத்ஸ் வரியில் மெயில்டிராப் கோப்புறையைக் கொடுத்தால் போகும்.

ஆனால் அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் போட்ட பூட்டுகள் நல்ல பூட்டுகள், ஒரு மின்னஞ்சலுக்காக ஏன் கழற்ற வேண்டும்? சென்ட்மெயில் கட்டளையை விட்டுவிட்டு, அதே சர்வரின் 25-ஆம் போர்ட்டுக்கு எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) வழியாகப் பேசுங்கள். பைத்தானில் எஸ்எம்டிபிலிப் உள்ளேயே இருக்கிறது, பத்து வரி போதும். சொந்த இயந்திரத்திலிருந்து வரும் அஞ்சலைப் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஏற்கும். செட்ஜிஐடி வேண்டாம், மெயில்டிராப்பில் எழுத வேண்டாம். இரண்டு பூட்டும் அப்படியே இருக்கட்டும்.

நடுநிசி_ஷிஃப்ட் | புதன், இரவு 11:55

இடையில் வருகிறேன். கடைசியாக எந்த இடம் வரை படித்தோம் என்பதை ஸ்கிரிப்ட் எங்கே வைத்திருக்கிறது? அந்தக் கோப்பை ஒருமுறை சூடோவோடு ஓட்டி ரூட்டுக்குச் சொந்தமாக்கிவிட்டு, பிறகு ஏன் எழுத முடியவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும். யூனிட் கோப்பில் ஸ்டேட்டைரக்டரி என்று ஒரு பெயர் கொடுங்கள். சிஸ்டம்டியே வார்-லிப்பின் கீழ் சரியான உரிமையாளரோடு கோப்புறை உருவாக்கித் தரும், ஸ்ட்ரிக்ட் இருந்தாலும் அங்கே எழுதலாம்.

அப்புறம், லாக் சுழன்ற பிறகு புதுக் கோப்பு சிறியது. பழைய இடம் 40,000-ஆவது பைட் என்று குறித்து வைத்திருந்தால், புதுக் கோப்பு அந்த அளவு வளரும் வரை எதையும் படிக்காது. பெர்மிஷன் சரியாக இருந்தும் அமைதி. ஐநோட் எண்ணையும் (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண்) சேர்த்துக் குறித்து வையுங்கள், அல்லது 'லாக்டெயில்2' பயன்படுத்துங்கள், அது இதைப் பார்த்துக்கொள்ளும். 'டெயில்' ஓட விடுபவர்களும் சிறிய எஃப் அல்ல, பெரிய எஃப் போட வேண்டும்.

பழைய_டெபியன் | வியாழன், காலை 6:40

ராத்திரி முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எழுதுகிறேன். பெர்மிஷன் பிழையை நாம் சரிசெய்துவிட்டோம். ஆனால் அந்த ஆறு மணி நேரம் பெர்மிஷனால் மட்டும் போகவில்லை. தம்பி, உங்கள் ஷெல் ஸ்கிரிப்டில் கிரெப்புக்குப் (வரி தேடும் கட்டளை) பின்னால் பிழைச் செய்தியை டெவ்-நல்லுக்குத் (போட்டதெல்லாம் மறைந்துவிடும் இடம்) திருப்பியிருந்தீர்களா?

வைகைக்கரை | வியாழன், காலை 7:02

ஆமாம் அண்ணா. கிரான் தேவையில்லாமல் மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்று அப்படி வைத்தேன். 'கிரெப் கண்டுபிடித்தால் மின்னஞ்சல் அனுப்பு, இல்லாவிட்டால் சும்மா இரு' என்பதுதான் ஸ்கிரிப்ட்.

பழைய_டெபியன் | வியாழன், காலை 7:45

அங்கேதான் இருக்கிறது. கிரெப் மூன்று விதமாகப் பதில் சொல்லும். வரி கிடைத்தால் 0. கிடைக்கவில்லை என்றால் 1. கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் 2. உங்கள் ஸ்கிரிப்ட் 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 'பிரச்சினை இல்லை' என்பதும் 'எனக்குக் கண் தெரியவில்லை' என்பதும் அதற்கு ஒன்றுதான். கண் தெரியவில்லை என்று சொல்ல வந்த ஒரே வரியையும் டெவ்-நல்லில் போட்டுவிட்டோம்.

கண்காணிக்கும் நிரலுக்குப் படிக்க முடியாமல் போவதுதான் முதல் பெரிய பிழை. லாக்கில் எதைக் கண்டுபிடித்தாலும் அதற்கு அடுத்ததுதான். டெபியனின் லாக்செக் இதை எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறது பாருங்கள். அது ரூட்டாக ஓட மறுக்கும். லாக்செக் என்ற தனி யூசர், அட்ம் குரூப். லாக்டெயில் ஓடவில்லையென்றால் 'உங்கள் லாக்குகள் பார்க்கப்படாமல் இருந்திருக்கலாம்' என்று தனியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அந்தப் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அஞ்சலே போகாத நாளில் அந்த எச்சரிக்கையும் போகாது. நீங்கள் புதன்கிழமை பார்த்தது அதுதான். அதனால் தினமும் காலை 9 மணிக்கு 'ஓடிக்கொண்டிருக்கிறேன், இத்தனை வரி படித்தேன்' என்று ஒரு கடிதம் வரட்டும். வரி எண்ணிக்கை அவசியம், பூஜ்யம் என்றால் சந்தேகப்படுங்கள். அந்தக் கடிதம் வரவில்லையென்றால் கத்துவதற்கு வேறொரு இயந்திரம் இருக்க வேண்டும். அதே சர்வரில் வைத்தால் பயனில்லை.

வேகத்தடை | வியாழன், காலை 10:10

கிரெப்பின் 1, 2 வேறுபாடு எனக்கும் தெரியாது. நான் பார்க்கும் மூன்று சர்வரில் இதே போலத்தான் எழுதியிருக்கிறேன், ரூட் கிரானில். இன்றே மாற்றுகிறேன். 777 சொன்னதை விட்டுவிடுங்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 5:20

நிலவரம் சொல்கிறேன். ஷெல்லை விட்டுவிட்டு முழுவதையும் பைத்தானில் எழுதினேன். 'நோட்டம்' யூசர், அட்ம் குரூப், யூனிட்டில் இரண்டு பூட்டும் அப்படியே, ஸ்டேட்டைரக்டரி, ஐநோட் எண், அஞ்சல் 25-ஆம் போர்ட் வழியாக. கோப்பைத் திறக்க முடியாவிட்டால் அதற்கென்று தனித் தலைப்பில் கடிதம். அலுவலகத்தில் ஓரமாகக் கிடந்த பழைய கணினி இப்போது காலைக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது. 9:30 தாண்டினால் என் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்.

சோதிக்க வேண்டும் என்று நேற்று வேண்டுமென்றே 'நோட்டம்' யூசரை அட்ம் குரூப்பிலிருந்து எடுத்தேன். அடுத்த ஓட்டத்திலேயே 'படிக்க முடியவில்லை' கடிதம் வந்தது. பிறகு போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி வைத்தேன். இன்று காலை 9:31-க்குக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

புதுமுனையம் | ஞாயிறு, இரவு 8:04

டெபியன் 12-ல் இதைச் செய்யப் பார்த்தேன். மெயில் லாக் கோப்பே இல்லையே?

கயல்_சர்வர் | ஞாயிறு, இரவு 8:30

டெபியன் 12-லிருந்து ஆர்சிஸ்லாக் (லாக்கைக் கோப்பாக எழுதும் நிரல்) இயல்பாக நிறுவப்படுவதில்லை, எல்லாம் ஜர்னலில் (சிஸ்டம்டியின் சொந்தப் பதிவு) இருக்கிறது. யூசரை சிஸ்டம்டி-ஜர்னல் குரூப்பில் சேர்த்து 'ஜர்னல்சிடிஎல்' வழியாகப் படியுங்கள். கர்சர் கோப்பு என்று ஒரு தேர்வு உண்டு, எங்கே விட்டோம் என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். நடுநிசி_ஷிஃப்ட் சொன்ன ஐநோட் வேலையும் அங்கே தேவையில்லை.